தண்ணீருக்கு ஒரு பாடபேதம்

ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்ததுமே இந்த வீட்டில் வேலை லேசாக இருக்காது என்று கறார் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மற்ற வீடுகளில் அந்தக் கதவில் காந்தப் பொம்மையோ, பேரப்பிள்ளைகள் கிறுக்கிய படமோ இருக்கும். இங்கே கம்ப்யூட்டரில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மூலைக்கு மூலை டேப் ஒட்டிய ஒரு தாள் இருந்தது. 'அப்பாவைக் கவனிப்பவர்களுக்கு' என்று மேலே தடித்த எழுத்து. மூத்த மகன் அடித்து ஒட்டியது. அவள் அதைப் பாதி படிப்பதற்குள், "அதைப் பார்த்து பெட்ரூம்லயும் ஒண்ணு எழுதி ஒட்டியிருக்கேன்கா" என்றாள் அந்த மகனின் மனைவி, வீட்டு மருமகள். அந்தக் கையெழுத்துத் தாளின் ஓரத்தில் ஒரு பூ வேறு வரைந்திருந்தது. வெளியூரில் இருக்கும் இளைய மகன் அதையே போனில் அடித்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தான். அக்காவுக்கும் அனுப்பி, "சேவ் பண்ணிக்குங்க" என்று குரலிலும் சொல்லியிருந்தான்.

எல்லாம் சொன்னது ஒன்றைத்தான். பெரியவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து விழுங்குவதில் தடுமாற்றம். தண்ணீரோ டீயோ, பொடி கலந்து கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும். மாத்திரையை நசுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

ஒரே சேதியை இத்தனை தரம் எழுதுகிறவர்கள் ஒரு தரமும் ஒழுங்காகப் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அக்கா கை கழுவப் போனாள்.

அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்பவர்கள் குறைவு. நோயாளிகளைக் கவனிக்க ஆள் அனுப்பும் ஏஜென்சியிலேயே 'அந்தக் கறார் அக்கா' என்றுதான் சொல்வார்கள். ஒரு வீட்டில் நோயாளியின் தம்பி இருமிக்கொண்டே பழக்கூடையோடு பார்க்க வந்தார். பழத்தை வாங்கிக்கொண்டு அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கத்தியதிலிருந்து அந்தப் பெயர். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் சட்டை தைக்கும் கம்பெனியில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் விழுந்து படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தபோது பார்க்க வேறு நாதி இல்லை. வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள். பார்க்க வந்த நர்ஸ் அந்தக் கிழவியின் முதுகைத் திருப்பிப் பார்த்து, "ஒரு புண்ணுகூட இல்லையே! நீ பட்டன் தைக்கப் பொறந்தவ இல்லடி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பயிற்சியில் சேர்த்துவிட்டாள். மாமியார் அப்போதும் மருமகளை ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை. புரட்டிப் போட்டால் புண் வராது; அதற்குப் பாசம் அவசியமில்லை, கைதான் அவசியம் என்பது அன்றிலிருந்து அவள் கட்சி.

பெரியவரை எல்லோரும் 'ஐயா' என்பார்கள். வாழ்நாள் முழுக்கப் பழைய புத்தகங்களைப் பதிப்பித்தவர். கையால் எழுதி வைத்த பழைய பிரதிகள் பல இடத்தில் கிடக்கும். ஒன்றில் ஒரு மாதிரி இருக்கும், இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது முதலில் எழுதியவன் எழுதியது என்று துருவிப் பார்த்து அச்சுக்குக் கொடுப்பது அவர் தொழில். வலது கை விழுந்துவிட்டது. நாக்கு கொஞ்சம் குழறும். மூளை மட்டும் இம்மியும் மழுங்கவில்லை. அக்காவைக் கேட்டால், அதுதான் கஷ்டமே.

"இது தண்ணி இல்லம்மா, பசை" என்றார் முதல் நாளே, ஸ்பூனைப் பார்த்து.

"பசைதான். முழுங்குங்க."

"முழுங்கவா? போஸ்டர் ஒட்டவா?"

"ரெண்டுல எது செஞ்சாலும் இந்த டம்ளர் காலியாகணும், ஐயா."

காலியாகவில்லை. அடுத்த நாளும் காலியாகவில்லை. வாயில் வைத்ததை ஒரு பக்கமாக ஒதுக்கி, அவள் திரும்பியதும் துண்டில் துப்பினார். டீயைக் கெட்டியாக்கிக் கொடுத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். நாக்கு வெடித்துக் கிடந்தது. சிறுநீர் கொஞ்சமாக, நிறம் மாறிப் போயிற்று. தண்ணீர் தப்பான வழியில் போனால் நுரையீரல் கெடும், சரி. தண்ணீரே போகாவிட்டால் மற்ற எல்லாம் கெடும். இது எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

"ஒரே ஒரு வாய்" என்றார் ஐயா. "வெறும் தண்ணி. வேற எதுவும் உன்னை நான் கேக்கல."

"புரையேறி உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, உங்க பையன் என்னைத்தான் கேப்பாரு."

"என்னைக் கேக்கச் சொல்லு."

"நீங்க இருந்தாத்தானே கேக்க முடியும்?"

சண்டை தினமும் இந்த இடத்தில் வந்து நிற்கும். அதன்பின் அவர் கண்ணை மூடிக்கொள்வார், அவள் டம்ளரைக் கழுவப் போவாள்.

பொடிப் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோல் தேடி ஒரு நாள் சமையலறை இழுப்பறையைக் குடைந்தபோது, பிரித்து விரித்த மாத்திரைப் பெட்டி அட்டை ஒன்று கிடைத்தது. உள்பக்கம் அவசரக் கையெழுத்து. 'தண்ணீர், டீ பொடி கலந்து கெட்டியாகக் கொடுக்கவும். ஒரு மாதம் கழித்து விழுங்குவதைச் சோதித்து, அவர்கள் சொல்கிறபடி மாற்றிக் கொடுக்கவும். மாத்திரையை நசுக்கிக் கொடுக்கவும்.'

நடுவில் இருந்த வரி வேறு எங்கேயும் இல்லை. ஒரு மாதம் எப்போதோ போய்விட்டது.

எழுதியது மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவள். அக்கா போன் போட்டாள்.

"ஆமாங்கக்கா, நான்தான் எழுதினேன். ஆஸ்பத்திரியிலேருந்து அப்பாவைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு, முழுங்கப் பழக்குற அந்தத் தெரபிஸ்ட் பொண்ணு குடுத்த பேப்பரைப் பார்த்து."

"பார்த்துத்தானே எழுதினீங்க?"

"பார்த்துத்தான். இல்ல, அந்தப் பொண்ணு வாயால சொன்னதைக் கேட்டா? ஒரே குழப்பம்கா அன்னைக்கு. ஆம்புலன்ஸ்காரர் வேற கத்திட்டு இருந்தாரு. அந்தப் பேப்பர் அண்ணன்கிட்ட இருக்கும்."

அண்ணனிடம் இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதம் மொத்தத்தையும் இன்சூரன்ஸ்காரர்களிடம் கொடுத்திருந்தார். அங்கே கேட்டால், எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள், பரிசீலிக்கிறோம் என்றார்கள். அக்கா போனை வைத்தாள். மேலே பேசியிருந்தால் நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

அதோடு விட்டிருக்கலாம். விடாமல் அந்த அட்டையைக் கொண்டுபோய் ஐயாவிடம் காட்டினாள்.

இத்தனை நாளாகச் சுவரைப் பார்த்துக் கிடந்த மனிதர் எழுந்து உட்காரப் பார்த்தார். "கண்ணாடி எங்க? கண்ணாடியை எடு. மத்ததையெல்லாம் கழட்டிட்டு வா."

"டேப் ஒட்டியிருக்கு, ஐயா."

"பிச்சுட்டு வா!"

மருமகள் கடைக்குப் போயிருந்தாள். அக்கா ஃபிரிட்ஜிலிருந்தும் சுவரிலிருந்தும் தாள்களை உரித்துக்கொண்டு வந்தாள். பெயின்ட்டும் கொஞ்சம் கூடவே வந்தது. ஐயா அட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டார். "நீ உன் கையில இருக்கிறதைச் சத்தமா படி. நான் இதைப் பார்த்துட்டே வர்றேன். மாறுற இடத்துல நிறுத்துவேன். நாங்க இப்படித்தான் வேலை பார்ப்போம். ஒருத்தர் படிப்பாரு, மத்தவங்க ஆளுக்கொரு பிரதியை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்."

"துணி ஊற வெச்சிருக்கேன்."

"ஊறட்டும். படி."

அவள் படித்தாள். 'கெட்டியாகக் கொடுக்கவும்' வரை வந்து, 'மாத்திரையை' என்று ஆரம்பித்ததும், "நிறுத்து" என்றார். மருமகளின் தாளைப் படிக்கச் சொன்னார். அதே இடத்தில் நிறுத்தினார். போனில் இருந்ததைப் படிக்கச் சொன்னார். அங்கேயும் அதே இடம். வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைக்கக்கூட விடாமல், "பாடபேதம்!" என்றார். வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி மலர்ந்திருந்தது அவர் முகம்.

"அப்படின்னா தப்புன்னு அர்த்தமா?"

"இல்ல இல்ல. அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. ஒரே எழுத்து பல பிரதியில இருக்கும்போது, ஒவ்வொண்ணும் என்ன சொல்லுதோ அது அந்தப் பிரதியோட பாடம். ரெண்டு பாடம் ஒத்துப்போகலைன்னா பாடபேதம். எது சரி எது தப்புன்னு அந்த வார்த்தை சொல்லாது. இன்னும் தெரியலைன்னு மட்டும்தான் சொல்லும். தெரியுற வரைக்கும் ரெண்டையும் வெச்சுக்கணும். ஒண்ணைப் பக்கத்துல அச்சடி, இன்னொண்ணை அடிக்குறிப்புல போடு. எதையும் தூக்கிப் போடாதே."

"எனக்குத் தண்ணி குடுக்கலாமா கூடாதான்னு தெரிஞ்சாப் போதும்."

"அதுக்குத்தானே வர்றேன்! இங்க பாரு." இடது கை விரலால் அட்டையைத் தட்டினார். "மூணு வரியும் 'கொடுக்கவும்'னு முடியுது. பார்த்து எழுதுறவன் முதல் 'கொடுக்கவும்' எழுதிட்டு நிமிர்ந்து பார்க்கிறான். கண்ணு அடுத்த 'கொடுக்கவும்'ல போய் விழுது. அங்கேருந்து தொடர்ந்து எழுதிடுறான். நடுவுல ஒரு வரி போயே போச்சு. காலங்காலமா எழுதுறவங்க செய்யற வேலைதான். என் மூத்தவனும் செஞ்சிருக்கான்."

அக்காவுக்கே அது சரி என்று பட்டது. "அப்ப ஆச்சு. உங்க மூத்த பையன் ஒரு வரியை விட்டுட்டாரு. பொண்ணு எழுதினதுதான் சரி. ஆஸ்பத்திரிக்குப் போன் போடுறேன்."

"இரு, இரு. அவ சேர்த்திருக்கவும் வாய்ப்பிருக்கு."

"என்னது?"

"இடைச்செருகல். மூலத்துல இல்லாததைப் பின்னால ஒருத்தர் நடுவுல நுழைக்கிறது. அவளுக்கு என் மேல பாசம் ஜாஸ்தி. அப்பா வெறும் தண்ணி குடிக்கணும்னு ஆசைப்பட்டு, அவளே ஒரு வரியைப் போட்டிருந்தா?"

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "ஐயா, தண்ணி வேணுங்கிறது நீங்க. அதுக்கு ஒரு வழி கிடைச்சிருக்கு. அதையும் நீங்களே அடைக்கிறீங்களே, உங்களுக்கு யாரு எதிரி?"

"எனக்குப் பிடிச்ச பாடத்தை நான் எடுத்துக்கிட்டா அது பதிப்பு இல்லம்மா. ஆசை."

அவள் துணி துவைக்கப் போய்விட்டாள். அன்றைக்குத் துணிகளுக்கு நல்ல அடி.

சாயங்காலம் மூத்த மகன் ஆபீசிலிருந்து வந்து, மொட்டையாக இருந்த ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முடிவு சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"மூணு இடத்துல ஒரே மாதிரி இருக்கு. ஒண்ணுல மட்டும் வேற மாதிரி இருக்கு. எது சரின்னு இதுக்கு மேல என்ன யோசனை?"

"மூணும் உன் தாளைப் பார்த்து எழுதினதுடா" என்றார் ஐயா. "உன் பொண்டாட்டி உன்னதைப் பார்த்தா. தம்பி உன்னதைப் பார்த்தான். நூறு பேரு பார்த்து எழுதியிருந்தாலும் சாட்சி நீ ஒருத்தன்தான்."

"நான் ஆஸ்பத்திரிப் பேப்பரைப் பக்கத்துல வெச்சு அடிச்சேன்ப்பா."

"அதைத்தான் நானும் சொல்றேன். கண்ணு தாவியிருக்கும்."

"இல்லன்னா தங்கச்சி பாசத்துல சேர்த்திருப்பா."

"அதையும் நானே சொல்லிட்டேன்" என்றார் ஐயா பெருமையாக.

அக்கா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க. இவரு நாக்கைப் பார்த்தீங்களா, சார்? காய்ஞ்ச ரொட்டி மாதிரி இருக்கு. பேப்பரை எத்தனை வாட்டி புரட்டினாலும் இவரு தொண்டை எப்படி இருக்குன்னு அதுல தெரியாது. அந்தத் தெரபிஸ்டைக் கூப்பிட்டுச் சோதிச்சுப் பார்க்கச் சொல்லுங்க."

"வேண்டாம்" என்றார் மூத்தவர். சட்டென்று சொன்னார். பிறகு அவளை வெளியே கூடத்துக்கு அழைத்துக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கு, தாகமா இருக்குன்னு கேட்டாரு. நான்தான் குடுத்தேன், பாட்டில் தண்ணி. உதடு நீலமாப் போச்சு. நர்ஸுங்க என்னைப் பிடிச்சு வெளியில தள்ளிட்டுக் கதவைச் சாத்தினாங்க. உங்களுக்குத் தெரியாது."

அக்காவுக்கு அது தெரியாதுதான். அந்தப் பிளாஸ்டிக் உறையும் நான்கு மூலை டேப்பும் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரிந்தது. புரிந்ததற்காக வேலை மாறாது.

"அதே கைதான் இப்ப அவரை வறட்டுது, சார். ஆகாரம் ஏறாத ஆளைவிடத் தண்ணி ஏறாத ஆளு சீக்கிரம் போயிடுவாரு. பயமா இருந்தா பக்கத்துல நில்லுங்க. நிக்க முடியலைன்னா ஆபீஸ் போங்க. சோதனை மட்டும் வேண்டாம்னு சொல்லாதீங்க."

அவர் போய், புதிதாக ஒரு தாளை அடித்து ஃபிரிட்ஜில் ஒட்டினார். அந்த வரி இல்லாமல்தான்.

அதற்கப்புறம் ஐயாவுக்குப் பொழுது போவது கஷ்டமாக இல்லை. எல்லாத் தாளையும் மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் பென்சில் பிடித்து, நட்சத்திரக் குறி போட்டு, அடியில் 'பா. பே.' என்று கோணல் மாணலாக எழுதினார். குடிப்பதோ முன்னைவிடக் குறைந்தது. வேலை இருக்கிறது, அப்புறம் ஆகட்டும் என்று ஸ்பூனைத் தள்ளினார். மதியத்தில் சில நேரம் பேச்சு பாதியில் அறுந்து, அப்படியே கண் சொக்கியது. அது தூக்கமில்லை என்பதை அக்கா பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டாள்.

அந்தச் சனியன் பிடித்த வார்த்தை அவள் நாக்கிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்கும் அவளுடைய கூடப் பிறந்த அக்காளுக்கும் பல காலமாக ஒரு வழக்கு உண்டு. சின்ன வயதில் கைக்குழந்தையாக இருந்த தம்பியைக் கட்டிலிலிருந்து கீழே போட்டது யார் என்பது. அந்த வாரம் போனில் அக்காள் மறுபடி ஆரம்பித்தாள்.

"நீதான்டி போட்டே. அம்மாவே சொல்லியிருக்காங்க."

"எங்கிட்ட நீ போட்டேன்னு சொன்னாங்க. அது பாடபேதம், விடு."

"என்னது?"

"உன்கிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு இருக்கு. சொன்னவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. எது சரின்னு இனி தெரியப் போறதில்ல. ரெண்டையும் வெச்சுக்குவோம்."

"எந்த வீட்டுலடி வேலை பார்க்கிறே?" என்று கேட்டுவிட்டு அக்காள் போனை வைத்தாள். இத்தனை காலத்தில் அந்தச் சண்டை அழுகையில்லாமல் முடிந்தது அன்றுதான். இருந்தாலும் கறார் அக்காவுக்கு எரிச்சல் தீரவில்லை. தம்பி விழுந்து எழுந்து, வளர்ந்து, வழுக்கையும் விழுந்தாயிற்று. அவன் விஷயத்தில் ரெண்டையும் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் விஷயத்தில் எப்படி வைத்துக்கொள்வது? டம்ளரில் ஒன்றைத்தானே ஊற்ற முடியும்?

தன் லீவு நாளன்று, போகிற வழியில் வாங்கிய பன்னைத் தின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரெக்கார்டு அறையில் நோயாளியின் ரத்த சம்பந்தம் வேண்டும் என்றார்கள். ரத்த சம்பந்தம் ஃபிரிட்ஜில் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியுமா? பேசவும் விழுங்கவும் பழக்கும் பயிற்சி அறைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். டோக்கன் இல்லாதவர்கள் உட்காரக் கூடாது என்று ஒருவன் வந்து சொன்னான். "நான் உக்காரலப்பா, கால் உக்காந்திருக்கு" என்றாள். அவன் போய்விட்டான்.

தெரபிஸ்ட் பெண் சின்னவள். காதில் போனும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாக வெளியே வந்தவளை அக்கா வழிமறித்தாள். ஐயாவின் நாக்கு, சிறுநீர், சொக்கிப் போகும் கண், துண்டில் துப்பும் தந்திரம் எல்லாவற்றையும் டியூட்டி மாற்றும்போது சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னாள். அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

"இன்னும் மறு சோதனைக்கே வரலையா? யாரு வேண்டாம்னது?"

"பேப்பர்ல ஒரு வரி விட்டுப்போச்சு. இல்ல, சேர்ந்துபோச்சு. அதைக் கேட்டா நீங்க சாப்பிட முடியாது. எப்ப வர்றீங்க, சொல்லுங்க."

அந்தப் பெண் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டாள். அக்கா மூத்தவரைக் கேட்கவில்லை. வருகிறார்கள் என்று சொன்னாள். அவர் மறுக்க வாய் திறப்பதற்குள், "லீவு போட்டா நிக்கலாம்" என்றாள். அவர் லீவு போட்டார். ஆனால் நின்றது கூடத்தில், கதவுக்கு அந்தப் பக்கம்.

தெரபிஸ்ட் வந்ததும் ஐயா கேட்ட முதல் கேள்வி தண்ணீரைப் பற்றி இல்லை. தாள்களை நீட்டி, "இந்த நடு வரி நீ எழுதினதாம்மா?" என்றார்.

"எல்லாருக்கும் எழுதுவேன், சார்."

"எனக்கு எழுதினியா?"

"எழுதியிருப்பேன். தனியா ஞாபகம் இல்ல."

ஐயா அக்காவைப் பார்த்தார். "அது வழக்கம். சான்று இல்ல."

"நிமிர்ந்து உக்காருங்க" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. முதலில் வாயைப் பஞ்சால் சுத்தமாகத் துடைத்துவிட்டாள். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, விழுந்த கையை மடியில் எடுத்து வைத்தாள். தெரபிஸ்ட் ஸ்டெதஸ்கோப்பை அவர் கழுத்தில் வைத்துக்கொண்டு, ஒரு ஸ்பூன் வெறும் தண்ணீரை வாயில் விட்டாள். "தலையைக் குனிஞ்சு, நாடி நெஞ்சுல படட்டும். இப்ப முழுங்குங்க. இன்னொரு தடவை முழுங்குங்க. 'ஆ' சொல்லுங்க."

"ஆ."

குரல் தெளிவாக இருந்தது. தண்ணீர் தப்பான இடத்தில் நின்றால் குரல் ஈரமாக, கொழகொழவென்று வரும். இன்னொரு ஸ்பூன். தெளிவாகத்தான் இருந்தது. ஐயாவின் கண் பளபளத்தது. "டம்ளர்" என்றார். தெரபிஸ்ட் டம்ளரில் ஒரு மடக்கு கொடுத்துப் பார்த்தாள். இருமல் வந்தது. கண்ணில் நீர் முட்டும் அளவுக்கு வந்தது. கூடத்தில் நாற்காலி ஒன்று நகர்ந்த சத்தம் கேட்டது. யாரும் உள்ளே வரவில்லை. இருமல் தானாக அடங்கியது.

"டம்ளர் வேண்டாம்" என்றாள் தெரபிஸ்ட். "ஸ்பூன்ல வெறும் தண்ணி, தாராளமா. வாய் கழுவின பிறகு, தலையைக் குனிஞ்சு. சாப்பாட்டோட சேர்த்துக் கூடாது. டீ, மத்ததெல்லாம் பழையபடி கெட்டியாத்தான்."

"டீயுமா?" என்றார் ஐயா.

"டீயும்தான்."

"எந்தப் பிரதியிலயும் இல்லாத பாடமா இருக்கே இது!"

"ஐயா," என்றாள் அக்கா, "கிடைச்சது தண்ணி. அதுக்கு அடிக்குறிப்பு போடாதீங்க."

தெரபிஸ்ட் போனதும் அக்கா தன் கையாலேயே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினாள். பழசையெல்லாம் சுருட்டிக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனபோது ஐயா போட்ட கூச்சலில் மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "கிழிக்காதே! வரி விட்டுப்போச்சா, சேர்ந்துபோச்சான்னு இன்னும் தீரல!" கடைசியில் அவற்றையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். புதிய தாளை ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

"இதைப் பார்த்து யாரும் எழுதக் கூடாது" என்று மருமகளிடம் சொன்னாள். "போன்லயும் போடக் கூடாது. வேணும்னா இங்க வந்து நின்னு படிக்கட்டும்."

மூத்தவர் வந்து நின்று படித்தார். இரண்டு தரம் படித்தார். பிறகு அறை வாசலில் வந்து, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்க, சார்" என்றாள் அக்கா. "எனக்கு வாரத்துல ஒரு நாள் லீவு உண்டு. அன்னைக்கு இவரு வறண்டு கிடக்க முடியாது. கையைக் கழுவிட்டு வாங்க."

"நான் குடுத்தா..."

"நான் பக்கத்துலதான் இருக்கேன். சோப்புப் போட்டுக் கழுவுங்க."

அவர் கழுவிவிட்டு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பூனை எடுத்தார். சீக்கிரமே சாய்த்ததில் பாதித் தண்ணீர் அப்பாவின் சட்டையில் விழுந்தது. ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா முறைத்ததும் மூடிக்கொண்டார். துண்டால் துடைத்துவிட்டு, "மறுபடியும்" என்றாள். இந்த முறை தண்ணீர் வாய்க்குள் போனது. மூத்தவர் அப்படியே தலையைக் குனிந்து, நாடியைத் தன் நெஞ்சில் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்குக் குனியறீங்க? அவரைக் குனியச் சொல்லுங்க!"

"அப்பா, குனிங்க. குனிஞ்சு முழுங்குங்க."

ஐயா குனிந்தார். தொண்டை ஏறி இறங்கியது.

"இப்ப 'ஆ' சொல்லச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

"ஆ" என்றார் ஐயா, யாரும் கேட்பதற்குள். தெளிவான குரல். "இன்னொண்ணு கொண்டா."

மூத்தவர் ஸ்பூனை அவசரமாக டம்ளருக்குள் விட்டார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"பொறுங்க. ஒரு தடவைதான் முழுங்கியிருக்காரு. இன்னொரு தடவை வெறுமனே முழுங்கட்டும், அப்புறம் ஊத்துங்க."